சிகரமும் உண்டியலும்



கணவனும் மனைவியும் சேர்ந்து உலகின் மிக உயர்ந்த மலைகளில் ஏறுகிறார்கள். அதைச் சொல்லி ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ பணம் திரட்டுகிறார்கள். இப்படிப்பட்ட செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. ஏழு கண்டங்களின் ஏழு உச்சிகளையும் தொடுவோம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. எவரெஸ்டின் 8,848 மீட்டர் உயரத்தைக் காட்டி, மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு. கேட்டதும் நம்மில் ஒரு சாரார் கைதட்டுகிறோம். இன்னொரு சாரார், ‘ஆசைக்கு மலையேறிவிட்டு அதற்குத் தருமம் என்று பெயர் வைக்கிறார்கள்’ என்று முகம் சுளிக்கிறோம். இரு சாராரின் பார்வையும் உச்சியில்தான் இருக்கிறது. ஒருவருக்கு அது வீரமாகத் தெரிகிறது, மற்றவருக்கு விளம்பரமாகத் தெரிகிறது. உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. மலையேற்றம் நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்; அதன் வேலை அத்துடன் முடிந்தது. இறங்கிய பிறகு யாருக்கு என்ன செய்தார்கள், எத்தனை ஆண்டு செய்தார்கள் என்பதில்தான் அறக்கணக்கு தொடங்குகிறது. ஆகவே பணம் கேட்பவரும் கொடுப்பவரும் அந்தப் பணத்தை உச்சியோடு முடிச்சுப் போடக்கூடாது.

முதலில், ஒருவர் உடம்பை வருத்திக்கொண்டால் இன்னொருவர் ஏன் பணம் தருகிறார் என்று பார்ப்போம். கணக்குப் பார்க்கிற மனத்துக்கு இதில் பொருளே இல்லை. மலையேறுகிறவர் பட்ட குளிரால் மருத்துவமனையில் ஒரு கட்டில்கூடக் கூடுவதில்லை. ஆனால் மனிதர்கள் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. கிறிஸ்டஃபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். ஒரே நற்பணிக்கு, உல்லாச விருந்து வழியாகப் பணம் தருகிறீர்களா, ஐந்து மைல் ஓட்டம் வழியாகத் தருகிறீர்களா என்ற வகையில் கேட்டபோது, வலியும் உழைப்பும் உள்ள வழிக்கே மக்கள் அதிகம் தர முன்வந்தார்கள். பசி, நோய் போன்ற துயரம் சார்ந்த காரியங்களுக்கு இந்தப் போக்கு வலுவாக இருந்தது. பூங்கா அமைப்பது போன்ற இன்பம் சார்ந்த காரியங்களுக்கு அவ்வளவு இல்லை. பழனிக்குக் காவடி எடுப்பவரையும் பாதயாத்திரை போகிறவரையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாகப் படாது. வழிநெடுக நின்று தண்ணீரும் மோரும் கொடுக்கிறவர்கள், நடக்கிறவரின் வலியில் தங்களுக்கும் ஒரு பங்கு கிடைப்பதாக எண்ணித்தான் கொடுக்கிறார்கள்.

இந்த ஆய்வுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கனடா இதைக் கண்ணால் கண்டது. எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, 1980 ஏப்ரல் 12ஆம் தேதி அட்லாண்டிக் கரையிலிருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். பசிஃபிக் கரைவரை ஓடுவது திட்டம். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்தவேண்டி வந்தது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அவர் பசிஃபிக் கரையைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார். ஆனால் கனடாவின் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு டாலர் வீதம் திரட்டவேண்டும் என்ற அவருடைய இலக்கு, 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டி நிறைவேறிவிட்டது. அவர் பெயரிலான ஓட்டம் இன்றுவரை பல நாடுகளில் நடக்கிறது, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது. ஓட்டம் பாதியில் நின்றதற்காக யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கொடுப்பவரின் மனத்தைத் தொட்டது அவர் பட்ட பாடு. எல்லைக்கோட்டைத் தொட்டாரா என்பது பெரிதாகவே படவில்லை. இதை மலையேற்றத்துக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: ‘உச்சியைத் தொட்டால்தான் பணம்’ என்ற நிபந்தனையால் தருமத்துக்கு ஒரு பைசா லாபமும் இல்லை.

லாபம் இல்லை என்பதோடு விட்டுவிட முடியாது, ஆபத்தும் இருக்கிறது. 8,000 மீட்டருக்கு மேல் உடம்பு தன்னைத்தானே தின்னத் தொடங்குகிறது. மூளைக்குப் பிராணவாயு போதாமல் தீர்மானிக்கும் திறன் மங்குகிறது. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்’ என்ற நினைப்பே பலரைக் கொன்றிருக்கிறது. அதன் மேல், ‘நன்கொடையாளர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம், குழந்தைகள் காத்திருக்கிறார்கள்’ என்ற பாரத்தையும் ஏற்றினால், திரும்பு என்று சொல்லும் உள்ளுணர்வின் வாயை நாமே கட்டிவிடுகிறோம். நல்ல காரியத்துக்காகப் போகிறவருக்குத் திரும்பி வருவது இன்னும் கடினம். தோல்வியோடு துரோகமும் செய்ததாக அவருக்குத் தோன்றும்.

தம்பதியாகப் போவதில் இந்த ஆபத்து கூடுமா, குறையுமா? இரண்டுக்கும் சான்று உண்டு. ஃபிரான்சிஸ் அர்சென்டியேவும் அவர் கணவர் செர்கேய் அர்சென்டியேவும் 1998 மே 22 அன்று செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். அப்படி ஏறிய முதல் அமெரிக்கப் பெண் ஃபிரான்சிஸ். உச்சியை அடையும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. இறங்கும் வழியில், இருட்டில், இருவரும் பிரிந்துபோனார்கள். மறுநாள் காலை முகாமை அடைந்த செர்கேய், மனைவி வந்து சேரவில்லை என்று தெரிந்ததும், மருந்தும் ஆக்சிஜனும் எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனார். அடுத்த நாள் காலையில் அந்த வழியாக ஏறிய ஒரு குழுவினர் ஃபிரான்சிஸை உயிருடன் கண்டார்கள். தங்கள் ஏற்றத்தைக் கைவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அருகில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. செர்கேயின் பனிக்கோடரியும் கயிறும் பக்கத்தில் கிடந்தன. அவர் உடல் அடுத்த ஆண்டு கீழே கண்டெடுக்கப்பட்டது. ஃபிரான்சிஸின் பதினொரு வயது மகன் தாயையும் தாயின் கணவரையும் இழந்தான்.

இதற்கு மறுபக்கம் இத்தாலியத் தம்பதியான நிவெஸ் மெரோய், ரொமானோ பெனெட். 2009இல், 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு மலைகளையும் ஏறும் முதல் பெண் யார் என்ற போட்டி உச்சத்தில் இருந்தது. அதில் மெரோய் முன்வரிசையில் இருந்தார். அந்த ஆண்டு காஞ்சன்ஜங்காவில், ஏறக்குறைய 7,500 மீட்டரில், பெனெட்டால் மேலே நகர முடியவில்லை. ‘நீ போ, நான் காத்திருக்கிறேன்’ என்றார் கணவர். மனைவி போகவில்லை, அவரை அழைத்துக்கொண்டு இறங்கினார். போட்டி கைநழுவியது. கணவரின் எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திக்கொண்டிருந்தது பின்னர்தான் தெரிந்தது. இருமுறை மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்து பிழைத்தார். இருவரும் 2014இல் அதே காஞ்சன்ஜங்காவுக்குத் திரும்பிப்போய் ஏறினார்கள். 2017 மே 11 அன்று அன்னபூர்ணாவில் பதினான்கையும் சேர்ந்தே முடித்த முதல் தம்பதி ஆனார்கள். செயற்கை ஆக்சிஜனும் இல்லை, உயரத்தில் சுமை தூக்க ஆளும் இல்லை. இவர்கள் தருமத்துக்குப் பணம் திரட்டப் போனவர்கள் அல்லர். ஆனால் திரட்டப் போகிறவர்கள் படிக்கவேண்டிய பாடம் இவர்களிடம் இருக்கிறது. 2009இல் மெரோயின் முதுகில் நன்கொடையாளர்களின் எதிர்பார்ப்பும் ஏறியிருந்தால், திரும்பும் முடிவு அவ்வளவு எளிதாக இருந்திருக்குமா? தம்பதியின் தனிப்பலம், ஒருவர் நிலை தடுமாறும்போது மற்றவர் ‘போதும், இறங்குவோம்’ என்று சொல்லும் உரிமையில் இருக்கிறது. பணத்தை உச்சியோடு கட்டும் ஏற்பாடு அந்த உரிமையைத்தான் பறிக்கிறது.

உச்சியே சரக்காகிவிட்டால் இன்னொரு கேடும் வரும்: போலி. 2016இல் புனே காவல்துறையைச் சேர்ந்த ஒரு தம்பதி எவரெஸ்ட் ஏறியதாக அறிவித்தார்கள், பாராட்டுகள் குவிந்தன. சக மலையேறிகள் படங்களைப் பார்த்துச் சந்தேகம் எழுப்ப, அவை வேறொருவரின் படங்களைத் திருத்திச் செய்யப்பட்டவை என்று தெரியவந்தது. நேபாள அரசு அவர்களுக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. பின்னர் வேலையும் போயிற்று. ஒரு புகைப்படத்தைப் போலியாகச் செய்ய ஒரு கணினி போதும். ஐம்பது ஆண்டு நடக்கும் பள்ளிக்கூடத்தைப் போலியாகச் செய்ய முடியாது.

இனி எல்லோரும் கேட்கும் எதிர்க்கேள்விக்கு வருகிறேன். மலையேறச் செலவழிக்கும் பணத்தை நேரடியாகத் தருமத்துக்கே கொடுத்துவிடலாமே? நியாயமான கேள்வி. நேபாளப் பக்கத்திலிருந்து வசந்தகாலத்தில் எவரெஸ்ட் ஏற, அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணம் மட்டும் 2025 செப்டம்பரிலிருந்து ஆளுக்கு 15,000 டாலர். அதற்கு முன் 11,000. தம்பதி என்றால் 30,000 டாலர். வழிகாட்டி, ஆக்சிஜன், உணவு, கூடாரம், காப்பீடு எல்லாம் தனி. இந்தத் தொகை திரட்டும் நன்கொடையைவிட அதிகமாக இருப்பதும் உண்டு. இதற்கு என் பதில் இரு பகுதி. தம்பதி தங்கள் சொந்தச் சேமிப்பில் ஏறுகிறார்கள் என்றால், அந்தச் செலவு அவர்கள் வாழ்க்கை, அவர்கள் விருப்பம். அதைத் தருமம் இழந்த பணமாகக் கணக்கெழுதுவது சரியில்லை. வீடு கட்டுகிறவரையும் கல்யாணம் செய்கிறவரையும் பார்த்து நாம் அப்படிக் கேட்பதில்லை. அவர்கள் ஏறியிராவிட்டால் அந்த நன்கொடையும் பெரும்பாலும் வந்திருக்காது என்பதை டெர்ரி ஃபாக்ஸின் கதை காட்டுகிறது. ஆனால் நன்கொடையிலிருந்தே பயணச் செலவை எடுப்பது வேறு சங்கதி. குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தந்தால் அதிலிருந்தே உங்கள் பயணச் செலவு கழிக்கப்படும் என்ற ஏற்பாட்டில் நடக்கும் தருமப் பயணங்கள் இருக்கின்றன. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் வேலை அது. கொடுப்பவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் குறை சொல்ல இடம் குறையும்; மறைத்தால் அது மோசடிக்குப் பக்கத்து வீடு.

இறங்கிய பிறகு என்ன செய்தார்கள் என்பதே முக்கியம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதற்கு மிகப் பெரிய சான்று எட்மண்ட் ஹிலாரி. 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்ட் உச்சியில் அவர் நின்றது கால் மணி நேரம் அளவுதான். பின்னாளில், எவரெஸ்ட் பகுதியில் வாழும் ஷெர்ப்பாக்களின் ஊர்களில் அவர் செய்த வேலை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. எதை வேண்டுமானாலும் கட்டித் தந்துவிடலாம் என்று அவர் போகவில்லை. ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடம் கேட்டார்கள். 1961இல் கும்ஜுங்கில் அலுமினியத் தகடுகளால் ஆன ஒரு கட்டடத்தில் பள்ளி தொடங்கியது. பாடம் சொல்ல டார்ஜிலிங்கிலிருந்து ஷெர்ப்பா ஆசிரியரே வந்தார். ஹிமாலயன் டிரஸ்ட் என்ற அமைப்பின் வழியே அந்தப் பணி இருபதுக்கு மேற்பட்ட பள்ளிகளாக வளர்ந்தது. இதில் அவர் மனைவி லூயிஸும் முழுப் பங்காளி. 1975 மார்ச் 31 அன்று, பாப்லு என்ற ஊரில் ஹிலாரி மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போக, லூயிஸும் இளைய மகள் பெலிண்டாவும் காத்மாண்டுவில் சிறு விமானத்தில் ஏறினார்கள். புறப்பட்ட சற்று நேரத்தில் விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அந்த மருத்துவமனை கட்டி முடிக்கப்பட்டது. பள்ளி வேலையும் நிற்கவில்லை. தருமம் ஒரு பயணத்தின் இலவச இணைப்பாக இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

ஹிலாரியைவிட எனக்கு முக்கியமாகப் படும் ஒரு தம்பதி இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தச் சிகரப் பட்டியலிலும் முன்னால் வராது. 1966இல் குண்டே என்ற ஊரில், 3,800 மீட்டருக்கு மேலே, டிரஸ்ட் ஒரு சிறு மருத்துவமனையைத் திறந்தது. அதன் முதல் மருத்துவராக நியூஸிலாந்திலிருந்து வந்து தங்கியவர் ஜான் மெக்கினன். உடன் அவர் மனைவி டயேன். அந்தப் பகுதி மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. உண்ட உப்பிலும் இல்லை. கழுத்தில் கழலை இல்லாத பெரியவர்களைப் பார்ப்பது அரிதாக இருந்தது. அதைவிடக் கொடுமை, கருவிலேயே அயோடின் கிடைக்காததால் குழந்தைகள் செவிடாகவும் மூளை வளர்ச்சி குன்றியும் பிறந்தார்கள். அயோடின் கலந்த எண்ணெயை ஊசியாகப் போடும் திட்டம் அங்கே தொடங்கியது. அப்படிப் பிறக்கும் குழந்தைகள் குறைந்து, அந்த அவலம் அங்கே ஏறக்குறைய மறைந்தது. உலகின் மிக உயர்ந்த மலையின் அடிவாரத்தில் ஒரு தம்பதி செய்த மகத்தான வேலைகளில் இதற்கு இணையானது வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. இதற்கு அவர்கள் உச்சிக்குப் போகவேண்டியிருக்கவில்லை, ஊரில் தங்கவேண்டியிருந்தது. பின்னாளில் அதே மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்த உள்ளூர்க்காரர் காமி டெம்பா ஷெர்ப்பா மருத்துவம் படித்து வந்து, அதன் தலைமை மருத்துவர் ஆனார். தருமம் தன் இடத்தை உள்ளூர்க்காரரிடம் ஒப்படைத்துவிட்டு விலகியதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பணம் யாருக்குப் போகவேண்டும் என்பதிலும் எனக்கொரு கருத்து உண்டு. எவரெஸ்ட் ஏறி, தம் நாட்டில் ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்டுகிறவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்றம் பிறர் உழைப்பின்மேல் நிற்கிறது. எவரெஸ்ட் ஏறும் வழியிலுள்ள கும்பு பனியருவியில் பிளவுகளுக்குக் குறுக்கே அலுமினிய ஏணிகளைக் கட்டி வழி போடுகிறவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். ஏறவருபவர் சில தடவை கடக்கும் அந்தப் பனியருவியை, சுமையோடு பல மடங்கு அதிகம் கடக்கிறவர்களும் அவர்களே. 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே சரிந்த பனி பதினாறு நேபாளித் தொழிலாளர்களைக் கொன்றது. மூவர் உடல் கிடைக்கவே இல்லை. குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்று அரசு முதலில் அறிவித்தது. ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்து அந்தப் பருவத்து ஏற்றத்தையே நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் கட்டாய ஆயுள் காப்பீடு 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் நேபாள ரூபாய் ஆனது. மலையேறுகிறவரின் தருமத்துக்கு இவர்கள் தோள் கொடுக்கிறார்கள் என்றால், அந்தத் தருமத்தில் இவர்களுக்குப் பங்கில்லாமல் போவது எந்த நியாயம்? இதற்கு வழிகாட்டியவர்களும் ஒரு தம்பதிதான். அமெரிக்க மலையேறி அலெக்ஸ் லோ 1999இல் ஷிஷாபங்மாவில் பனிச்சரிவில் இறந்தார். அவர் மனைவி ஜெனியும், அந்தச் சரிவில் உயிர்தப்பிப் பின்னர் ஜெனியை மணந்த கொன்ராட் ஆங்கரும், 2003இல் ஃபோர்ட்சே ஊரில் கும்பு மலையேற்றப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். வேலை இல்லாத குளிர்காலத்தில் உள்ளூர்த் தொழிலாளர்களுக்குக் கயிறு கையாள்வதும் மீட்புப்பணியும் முதலுதவியும் அங்கே கற்றுத்தரப்படுகின்றன. இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தேடுவது ஒரு வேலை. இறக்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பது அதற்கு முந்திய வேலை.

வெளியாட்களின் தருமம் ஊரைக் கெடுக்காதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாகவேண்டும். கெடுக்கும், கெடுத்தும் இருக்கிறது. மருத்துவமனைக்குச் சாமான் கொண்டுவர வசதியாக 1964இல் ஹிலாரி லுக்லாவில் அமைத்த விமானத்தளம், பின்னாளில் சுற்றுலாக் கூட்டத்தின் வாசலாகிவிட்டது. விறகுக்காகக் காடு அழிந்தது. அதன்பின் சாகர்மாதா தேசியப் பூங்கா அமைய அவரே பாடுபட வேண்டியிருந்தது. 1976இல் அது அமைந்தது. இன்னொரு உதாரணம் கிரெக் மார்ட்டென்சன். கே-2 மலையில் ஏறப்போன கதையைச் சொல்லி, பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளி கட்டப் பெரும் நிதி திரட்டியவர். 2011இல் அவர் கதையின் உண்மையும் பணத்தின் கணக்கும் கேள்விக்குள்ளாயின. அடுத்த ஆண்டு மொன்டானா மாநில அரசு வழக்குரைஞரின் விசாரணைக்குப் பின், பத்து லட்சம் டாலரை அவர் அமைப்புக்குத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. ஆனால் இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. லுக்லா, நல்ல வேலையிலிருந்து முளைத்த பக்கவிளைவு. ஹிலாரியின் பணி அங்கேயே நிலைத்திருந்ததால் அதைக் கண்டு சரிசெய்ய ஆள் இருந்தார். மற்றதில், ஒரு மனிதரின் சாகசக் கதை கணக்கேட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெளியாட்கள் வரவே கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் முடிவு ஆகாது. கதை எவ்வளவு பெரிதோ அவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்கவேண்டும் என்பதே முடிவு.

ஆகவே நாளை ஒரு தம்பதி மலையேறுவதாகச் சொல்லி உங்களிடம் வந்தால், வாழ்த்துங்கள்; பிறகு கேளுங்கள். பயணச் செலவு யாருடையது? பாதியில் திரும்பினாலும் நான் தரும் பணம் போகவேண்டிய இடத்துக்குப் போகுமா? உங்கள் சுமையைத் தூக்குகிறவருக்குக் காப்பீடும் பயிற்சியும் உண்டா? ஐந்து ஆண்டு கழித்து இந்தப் பணி எங்கே இருக்கும், அதன் பொறுப்பு யார் கையில் இருக்கும்? இதற்கெல்லாம் நேரான பதில் கிடைத்தால் தயங்காமல் கொடுங்கள். அவர்கள் உச்சியை அடைந்தார்களா என்று பிறகு விசாரிக்கக்கூட வேண்டியதில்லை. பதில் வராவிட்டால், அவர்கள் பத்திரமாகப் போய் வரட்டும் என்று வாழ்த்திவிட்டு, பணத்தை அந்த மருத்துவமனைக்கே நேரடியாக அனுப்பிவிடுங்கள். சாகசத்தை மதிப்பதற்கும் தருமத்தைக் காப்பதற்கும் இடையே நாம் எதையும் தியாகம் செய்யவேண்டியதில்லை; இரண்டின் கணக்கையும் தனித்தனி ஏட்டில் எழுதப் பழகினால் போதும்.